கிள்ளி எறிந்த செம்பருத்தி

இது நடந்தது. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் தொந்தரவு செய்யாதீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இதில் இருட்டே கிடையாது. நடந்ததெல்லாம் நல்ல வெளிச்சத்தில். நடந்ததும் யாருக்கோ இல்லை, எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவளுக்கு. லென்ஸில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவள் ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால், பார்த்திருக்கிறாள்.

கடையில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். பெரியவள் அவளுடைய அக்கா. சாயங்காலமானால் கடை வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுச் சின்னது இருக்கா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அக்காவுக்கு வாய் ஓயாது. தங்கைக்கு வாய் திறக்காது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டு போவாள்.

அந்தப் பெரியவள் ஒரு திங்கட்கிழமை காலையில் பேருந்து நிறுத்தத்தில் விழுந்து செத்துப்போனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். முந்தின நாள் வரைக்கும் குத்துக்கல் மாதிரி இருந்தவள். வீட்டில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு பேச்சுப் பேசியவளுக்கு அதைவிடக் கொடுமையான சாவு இருக்க முடியாது.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டிய வேலை, வீட்டில் இருக்கிற நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே சின்னவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுண்டெலி சாப்பிடுவதில்லை.

அடம் இல்லை. அழுகையும் இல்லை. தட்டை வைத்தால் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள். பால், முட்டை, பிஸ்கட், எதைக் கொடுத்தாலும் ஒரு வாய், அதோடு சரி. கை குச்சியாகிவிட்டது. இப்படியே போனால் படுக்கையில் போட்டு ஊசி வழியாகத்தான் சத்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னவள் பயந்துபோனாள். அக்காவை வாரிக்கொடுத்தாயிற்று. அவள் விட்டுப்போன ஒன்றையும் விட்டுவிட்டு எந்த முகத்தோடு இருப்பது?

"சுண்டெலி, என்ன வேணும் சொல்லு. எதுன்னாலும் சித்தி செஞ்சு தர்றேன்."

"சிவப்புத் தண்ணி."

"அம்மா செய்வாங்களே, அதுவா?"

"ம்."

பின்பக்கம், சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு செம்பருத்திச் செடி. அக்கா வைத்தது. காலையில் பூவைப் பறித்து, பச்சைக் காம்பையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். எலுமிச்சை பிழிவது சுண்டெலியின் வேலை. பிழிந்த உடனே தண்ணீர் பளிச்சென்று சிவக்கும். "மந்திரம்!" என்று அம்மாவும் பெண்ணும் கத்துவார்கள். சின்னவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இவ்வளவுதானே, நாளைக்கே செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தாள்.

செடியைப் போய்ப் பார்த்தாள். முன்பெல்லாம் கிளை கிளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும், அக்கா சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாக அதோடு மல்லுக்கட்டுவாள். இப்போது ஒரு பூச்சி இல்லை. இலையெல்லாம் பளபளவென்று, கிளை நிறைய மொட்டு. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிண்ணத்தோடு போனாள். செடியில் ஒரு பூகூட இல்லை. எல்லாம் தரையில் கிடந்தன.

செம்பருத்தி தானாக விழுந்தால் சுருண்டுதான் விழும். இவை விரிந்த பூக்கள். அப்போதுதான் விரிந்தவை. ஒவ்வொன்றையும் காம்போடு கிள்ளி, மண்ணில் போட்டு, நசுக்கியிருந்தது. ஒன்றைக்கூட எடுத்துக் கழுவ முடியாது. அப்படி ஒரு நசுக்கல்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அணில் என்று நினைத்தாள். அணில் கடிக்கும், நசுக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும், அந்த வீட்டில் இருப்பது மூட்டுவலிக்காரத் தம்பதி. மிச்சம் இருந்தது சுண்டெலிதான்.

"பூவை நீயா பிச்சுப் போட்ட? பொய் சொல்லக் கூடாது."

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள் சின்னவள். ஒரு பொட்டு மண் இல்லை. சீ, இந்தக் குருவிக்குஞ்சு மேல் போய் பழி போட்டோமே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

ராத்திரி வேலை முடிந்து வந்த மாமாவிடம் கேட்டாள்.

"மாமா, செடிகிட்ட நீங்க போறீங்களா?"

"எந்தச் செடி?"

வீட்டில் செடி இருப்பதே அந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்லை. பெண்டாட்டி போனதிலிருந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சின்னவள் விடியும்போதே எழுந்து சமையலறை ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டாள். யார் வந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில். வானம் வெளுத்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ வாளியை வைக்கிற சத்தம். மொட்டுகள் மெல்ல வாய் திறந்தன. கண்ணெதிரே ஒரு பூ முழுசாக விரிந்தது.

டிக்.

சின்னச் சத்தம். நகத்தால் காம்பைக் கிள்ளினால் வருமே, அது. விரிந்த பூ கீழே விழுந்தது.

காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை.

டிக். அடுத்த பூ. இந்தத் தடவை கிளை நன்றாகத் தெரியும்படியே வளைந்தது. யாரோ ஒரு கையால் கிளையைப் பிடித்து, இன்னொரு கையால் கிள்ளுகிற மாதிரி. கிளை திரும்ப நிமிர்ந்தது. அங்கே யாரும் இல்லை.

கீழே விழுந்த பூ... தரையோடு தரையாக... தானே நசுங்கியது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஓடவில்லை.

மேல் கிளைக்குப் போவதற்கு முன்னால் கீழ்க் கிளையை இரண்டு தடவை தட்டிவிடுவாள் அக்கா. எறும்பு இருந்தால் உதிரட்டும் என்று.

கீழ்க் கிளை ஆடியது. ஒரு தடவை... இரண்டு தடவை.

"அக்கா?"

எல்லாம் நின்றது.

பிறகு... டிக் டிக் டிக் டிக்... அவசர அவசரமாக, ஒன்றுவிடாமல், இவள் வந்து பறித்துவிடுவாளோ என்று பயந்த மாதிரி, செடி முழுவதும் ஒரே சமயத்தில்...

மொட்டையாக நின்றது செடி.

சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயத்தில் இல்லை என்று என்னிடம் அடித்துச் சொன்னாள். பயம் முதல் இரண்டு பூவோடு போய்விட்டதாம். அக்கா வந்திருக்கிறாள். வந்து, தங்கையிடம் ஒரு வார்த்தை பேசாமல், தன் பெண்ணுக்கு இவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் போகக் கூடாது என்று பூவைக் கிள்ளி எறிகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"புள்ளைய எனக்குக் குடுக்க மனசில்லையா உனக்கு? நான் என்ன உன் இடத்தப் புடிக்கவா வந்தேன்?"

செடிதான் நின்றது.

இங்கேதான் சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்பதா, கேடுகாலம் என்பதா, எனக்கே தெரியவில்லை. நாளைக்கு விரியப்போகிற செம்பருத்தி மொட்டை இன்றைக்குச் சாயங்காலமே பறித்து வைத்தாலும் மறுநாள் காலையில் விரிந்துவிடும். தண்ணீர்கூட வேண்டாம். செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். அன்று சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, பருத்த மொட்டுகளையெல்லாம் பறித்து ஒரு டப்பாவில் போட்டு மூடித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். உயிரோடு இருந்த நாளிலும் அக்காவை அவள் இப்படி ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

காலையில் டப்பாவைத் திறந்தால் அத்தனையும் விரிந்திருந்தன.

அன்று ஞாயிறு. மாமா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சுண்டெலி சமையலறை நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள், கையில் பாதி எலுமிச்சை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. சின்னவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள். அணைந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தண்ணீர் கொதித்தது. இதழ்களைப் போட்டாள். மேல் தட்டில் அடுக்கியிருந்த தட்டுகள் கடகடவென்று ஆடின. "சும்மா இரு," என்றாள் சின்னவள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தே. வடிகட்டினாள். ஆற்றினாள். சர்க்கரை போட்டாள். சுண்டெலி எலுமிச்சையைப் பிழிந்தாள்.

சிவந்தது.

"மந்திரம்," என்றாள் குழந்தை, மெதுவாக.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

சமையலறை சில்லிட்டது.

ஈர மண் வாசம்...

பளார்.

டம்ளர் பறந்து போய்ச் சுவரில் மோதி உடைந்தது. சிவப்புத் தண்ணீர் தரை முழுக்க ஓடியது. சுண்டெலி கையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம். பெரிய கை. பெண் கை.

"அம்மா அடிச்சிட்டாங்க," என்றாள்.

பெரியவள் அந்தக் குழந்தை மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. சின்னவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பேயாவது, பிசாசாவது. குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு காலிச் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

"பெத்தவதானே நீ? புள்ள பட்டினி கெடக்குறா, கண்ணு தெரியலையா? போ! இங்க வராத, போ!"

கத்தல் கேட்டு மாமா ஓடிவந்தார். உடைந்த டம்ளரையும் குழந்தையின் கையையும் பார்த்தார். சின்னவள் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் நம்பவில்லை என்று சொல்லவில்லை, நம்பினேன் என்றும் சொல்லவில்லை. "என்கிட்ட ஏன் ஒரு தடவைகூட வரல அவ?" என்று மட்டும் கேட்டார். மூவரும் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் சின்னவள் தரையைத் துடைக்கப் போனாள். சர்க்கரைத் தண்ணீர் அல்லவா, எறும்பு மொய்த்திருந்தது. கறுப்புக் கோடாக வரிசை. துணியை வைத்தாள். வரிசை கலையவில்லை. குனிந்து பார்த்தாள்.

ஓர் எறும்புகூட அசையவில்லை.

சிவப்புத் தண்ணீர் ஓடிய இடமெல்லாம் எறும்பு. எல்லாம் செத்துக் கிடந்தன.

துணியை அப்படியே போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், தெருக்கோடியில் இருந்த செடிக்கடைக்கு ஓடினாள். அக்கா உரமும் தொட்டியும் வாங்குகிற கடை. கடைக்காரர் தண்ணீர்க் குழாயோடு நாற்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, செம்பருத்திக்கு எங்க அக்கா ஏதாவது மருந்து வாங்குனாங்களா?"

"அக்காவா? ஓ, ஜாடை தெரியுது. ஆமாம்மா. மாவுப்பூச்சி செடியையே தின்னுடும் போலன்னு அழாத குறையா வந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கம் வரவே இல்ல. வேருக்குப் போடுற குருணை மருந்து குடுத்தேன். வேர் வழியா ஏறி இலை, பூ எல்லாத்துலயும் விஷம் நிக்கும். மழைக்காலம் முடியற வரைக்கும் பூவ வாயில வைக்கக் கூடாதுன்னு தலையில அடிச்சு சொன்னேனே. வீட்ல சொல்லலையா?"

ஞாயிறு சாயங்காலம் மருந்து வைத்திருக்கிறாள். திங்கள் காலையில் போய்விட்டாள். சொல்ல நேரமில்லை.

"பெரியவங்கன்னா வாந்தி, மயக்கத்தோட தப்பிக்கலாம். சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு, பத்திரம்மா. அக்கா நல்லா இருக்காங்கல்ல?"

செத்துப்போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் சின்னவள். காலையில்தானே அந்தக் கை குழந்தையின் கையைத் தட்டிவிட்டது?

"இருக்காங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து சுண்டெலியை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் தடம் இன்னும் மறையவில்லை.

"அம்மா உன்ன அடிக்கலடா. தட்டிவிட்டாங்க. அந்தத் தண்ணியில பூச்சி மருந்து இருந்துச்சு. நீ குடிச்சிடக் கூடாதுன்னு ஓடி வந்திருக்காங்க. சித்திதான் தெரியாம திட்டிட்டேன்."

குழந்தை அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு என்னைப் பிடிக்குமா?"

இத்தனை நாளும் அந்தப் பிஞ்சு மனசில் கிடந்தது இதுதான். தன்னைப் பிடிக்காமல்தான் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்று ராத்திரி சுண்டெலி ஒரு முட்டையும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டாள்.

செடியை வெட்டிப் போடலாமா என்று மாமாவிடம் கேட்டதற்கு அவர் பதறிப்போய், "வேண்டாம், வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. விடிந்ததும் மூன்று பேரும் பின்பக்கம் போவார்கள். தரையில் பூக்கள் நசுங்கிக் கிடக்கும். மழை கொட்டிய நாளிலும் கிடக்கும். "அம்மா வந்துட்டுப் போயிட்டாங்க," என்பாள் சுண்டெலி. உள்ளே வந்து தட்டு நிறையச் சாப்பிடுவாள். மாமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு செடியைப் பார்த்தபடி நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எல்லோருக்கும் பயம் வருகிற இடத்தில் அந்த மூவருக்கும் தைரியம் வந்தது. குழந்தையின் கன்னத்தில் சதை பிடித்தது. சின்னவள் கடையில் பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் இதுவரைக்கும் நடந்ததை என்னிடம் சொன்னாள்; மிச்சத்தைச் சொன்னது பிறகு.

மழை நின்றது. வெயில் ஏறிய ஒரு காலையில் மூன்று பேரும் வழக்கம்போலப் பின்பக்கம் போனார்கள்.

செடி முழுக்கப் பூ.

ஒன்றுகூடக் கிள்ளப்படவில்லை. தரை சுத்தமாக இருந்தது. அத்தனை சிவப்பை அந்தச் செடியில் அவர்கள் பார்த்ததே இல்லை. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அம்மா இன்னிக்கு வரலையா சித்தி?"

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சின்னவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செடிக்கடைக்கு நடந்தாள். பூவில் விஷம் இறங்கிவிட்டதா என்று கேட்பதாகச் சாக்கு. அவளைப் பார்த்ததுமே கடைக்காரர் சிரித்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களா? நேத்து சாயங்காலந்தான் உங்க அக்கா வந்து கேட்டுட்டுப் போனாங்க."



"யாரு?"

"உங்க அக்காம்மா. இப்ப நீங்க நிக்கறீங்களே, அங்கதான் நின்னாங்க. காலெல்லாம் ஒரே சேறு. இனிமே புள்ள பூவ சாப்பிடலாமான்னு கேட்டாங்க. மழை போயிடுச்சு, விஷமும் போயிடுச்சு, தாராளமா சாப்பிடலாம்னு சொன்னேன். நல்ல சேதிதானே? ஆனா அவங்க முகம் வாடிப்போச்சு. 'நல்லா யோசிச்சு சொல்லுங்கண்ணே, இன்னும் கொஞ்ச நாள் விஷம் இருக்கும்தானே?'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. இல்லம்மா, பயமே வேண்டாம், இனிமே நீங்க காவல் காக்க வேண்டியதில்லன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாங்க."

சின்னவள் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இருக்கும்னு சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவள் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து, அக்கா செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள்.